தங்கபாய் போட்ட பாறைப்பொடி

முப்பத்திரண்டு வருஷம் மண்ணைக் கரைத்து, வடிகட்டி, அதில் நீலம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அரசாங்கம் அதற்குச் சம்பளம் கொடுத்தது. இப்போது ஓய்வூதியமும் கொடுக்கிறது. வேறு எந்த வேலையும் எனக்கு உருப்படியாகத் தெரியாது. வீட்டில் குழாய் ஒழுகினால்கூட என் மனைவிதான் ஸ்பானரை எடுப்பாள்.

போன மாதம் எங்கள் பழைய மண் பரிசோதனை நிலையத்திலிருந்து அஞ்சு என்பவள் போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் வேலைக்குச் சேர்ந்த பெண்.

"லிங்கம் சாரே, புதுசா ஒரு உரம் வந்திருக்கு. சாக்கடைத் தண்ணியிலேருந்து எடுத்த பாஸ்பரஸாம். வெள்ளை வெள்ளையா மணி மாதிரி இருக்கு. காய்கறிக்கு ஒரு தடவ போட்டா மதி, பின்ன வேண்டாம், மெல்ல மெல்லக் கரையுமாம். சாருக்க காலத்துல இதுபோல ஏதாவது உண்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க போட்டது பாறை மோளே. பாறையவிட மெல்லக் கரையுறது எது?"

"எங்கில் சார் அத எழுதித் தரணும். இங்க உள்ள பிள்ளேளுக்கு மெஷின் சொல்ற நம்பர் மட்டும்தான் தெரியும்."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எதை எழுதுவது என்ற யோசனை வந்தது. என் சாமர்த்தியத்தைக் காட்டும் கதைகள் நாலைந்து உண்டு. அவற்றை வீட்டில் உள்ளவர்கள் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாகிவிட்டது. சொல்லாதது ஒன்றுதான். அதில் தவறு செய்தவன் நான்.

முதலில் இந்தப் பாறைப்பொடி சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். செடி வேர் விடவும் பூப் பிடிக்கவும் பாஸ்பரஸ் வேண்டும். நம் திருவனந்தபுரத்துச் செம்மண்ணில் உடனே கரையும் உரத்தைப் போட்டால், மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் அதை லபக்கென்று பிடித்துக்கொள்ளும். செடிக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ராக் பாஸ்பேட் என்ற பாறைப்பொடி அப்படி இல்லை. அது பாறையை வெட்டி, மாவுபோல அரைத்தது. தண்ணீரில் கரையாது. நம் மண்ணுக்கு இயல்பிலேயே ஒரு புளிப்பு உண்டு. அந்தப் புளிப்புதான் அதை நாளுக்குக் கொஞ்சமாக அரித்து வேருக்குக் கொடுக்கும். போதாததற்கு வேரும் தன் பங்குக்குப் புளிப்பைக் கசியவிட்டுக் கல்லைக் கரைக்கும். கண்ணில்லை, பல்லில்லை, நூல்போல வெள்ளையாக இருக்கும் ஒரு வேர் கல்லைத் தின்கிறது! அந்தப் பாறையே எந்தக் காலத்திலோ கடலடியில் செத்துக் கிடந்த உயிர்களின் எலும்பும் சதையும் இறுகி உண்டானது என்பார்கள். சாலைக் கடைத்தெருவில் வாங்கிவந்த பயற்றங்காயை என் மனைவி அரிந்துகொண்டிருக்கும்போது, இதற்குள் எத்தனை பழைய கடல் இருக்கிறது என்று நினைத்து நான் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பேன். அவள் "காய நறுக்கத்தான் ஆளில்ல, வேடிக்கை பாக்கவாவது ஆளிருக்கே" என்பாள்.

நான் வேலை கற்றுக்கொண்ட கதை சின்னது. கரமனையிலிருந்து பஸ் ஏறி, கிழக்கேகோட்டையில் மாறி, ஒன்பதரை மணிக்குள் போய்ச் சேர வேண்டும். முதல் ஆறு மாதம் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலை மட்டும்தான். ஒருநாள் குடுவைகள் பளபளவென்று இருக்கட்டுமே என்று வீட்டிலிருந்து துணி துவைக்கும் சோப்புத்தூளைக் கொண்டுபோய்க் கழுவினேன். அந்தத் தூளிலும் பாஸ்பரஸ் உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்த வாரம் வந்த மண் அத்தனையும், பாஸ்பரஸ் இருந்தால் வரும் நீலமாகிவிட்டது. மாவட்டம் முழுக்க ஒரே வாரத்தில் செழிப்பான பூமி. அப்போதிருந்த அதிகாரி என்னைத் திட்டிய திட்டில் மறுபடியும் ஒரு மாதம் குடுவை கழுவினேன், வெறும் அமிலத்தாலும் தண்ணீராலும். அதற்குப் பிறகு என் கை சுத்தம் பெயர் பெற்றது. "லிங்கம் கை வெச்சா மாத்திப் பார்க்க வேண்டாம்" என்று சொல்லுவார்கள். அந்தப் பெயர்தான் பின்னால் எனக்கு வினையாக வந்தது.

ராதாமணி மேடம் எங்கள் நிலையத்துக்குத் தலைமை ரசாயன அதிகாரியாக வந்தபோது எனக்கு அங்கே இருபது வருஷ சர்வீஸ். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்? அவருடைய ஒரு பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. விவசாயிகள் வந்து எதையாவது கேட்டால், தெரியாவிட்டால், எல்லார் முன்னாலும் "எனிக்கு அறிஞ்ஞூடா" என்று சொல்லிவிடுவார். எனக்குத் தெரியாது என்று அர்த்தம். குரலில் வெட்கமோ தயக்கமோ இருக்காது. அடுத்த மூச்சில் "நமுக்கு நோக்காம்" என்பார், பார்க்கலாம். உடனே எழுந்துபோய்ப் பார்க்கவும் செய்வார். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தெரியாது என்று சொல்லலாமா, ஆபீஸ் மரியாதை என்ன ஆவது என்று நான் டீக்கடையில் புலம்புவேன்.

மேடத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. தவறைக் கண்டால் வாயைத் திறக்கமாட்டார். பதிவேட்டை எடுத்துவந்து, தவறு இருக்கும் வரியின் கீழே விரலை வைத்து, அதை நம் பக்கம் மெதுவாகத் திருப்பிவைப்பார். நாமாகக் கண்டுபிடிக்கும்வரை விரலை எடுக்கமாட்டார். திட்டு வாங்குவதே தேவலை என்று தோன்றும்.

நகரத்துக்குத் தெற்கே காயலோரத்தில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து குத்தகை நிலத்தில் காய்கறி போட்டுக்கொண்டிருந்தார்கள். பாகல், புடலை, நீளப்பயறு. நிலத்தைப் பங்கு பிரித்து ஆளுக்கு முப்பது விதைக்குழி. குழிகளுக்குப் போட அரசுத் திட்டம் ஒன்றில் பாறைப்பொடி இலவசமாக மூட்டை மூட்டையாக வந்திருந்தது. மூட்டைகள் இருந்த கொட்டகையின் சாவி தங்கபாயிடம். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர், அப்போது நாற்பது வயதிருக்கும்.

விதை போட்டு ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், பதினொரு பேருடைய குழிகளில் கொடி பந்தல் ஏறிவிட்டது. தங்கபாயின் முப்பது குழிகளில் மட்டும் செடி முழங்கால்கூட வளரவில்லை. இலை சிறுத்து, கரும்பச்சையாக, இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றுகொண்டிருந்தது. சாவி இவரிடம். மூட்டை காலி. பாறைப்பொடியோ பார்வைக்குக் காய்ந்த மண் மாதிரியே இருக்கும். யாரோ ஒருத்தி முதலில் சொல்லியிருக்கிறாள்: தங்கபாய் பொடியை வெளியே விற்றுவிட்டு, குழியில் வெறும் செம்மண்ணைப் போட்டிருக்கிறாள். ஒருத்தி சொன்னதைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் குழுவின் செயலாளர் ஷைலஜா ஒரு முடிவு செய்தார். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுப்போம். பொடி போட்டிருந்தால் தெரிந்துவிடும், போடாவிட்டால் தங்கபாய் குழுவில் இல்லை. நியாயமான முடிவுதான். தங்கபாயும் ஒத்துக்கொண்டார்.

இரண்டு பொட்டலம் வந்தது. ஒன்று தங்கபாயின் குழி மண், இன்னொன்று ஷைலஜாவின் குழி மண். இந்தச் சண்டையெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

வழக்கம்போலச் செய்தேன். மண்ணைப் பத்திரிகைத் தாளில் பரப்பி நிழலில் உலர்த்தினேன். மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி, சல்லடையில் சலித்தேன். முதலில் புளிப்பு எவ்வளவு என்று மீட்டரில் பார்த்து எழுதினேன். பிறகு மண்ணை நிறுத்து, எங்கள் வழக்கமான லேசான அமிலக் கரைசலை ஊற்றி, ஐந்து நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்தபடி குலுக்கினேன். வடிகட்டிய தெளிவில் கொஞ்சம் எடுத்து, மாலிப்டேட் என்ற ரசாயனக் கரைசலைச் சேர்த்து, அன்றைக்கே கரைத்த வைட்டமின் சி தண்ணீரைச் சொட்டினேன். பாஸ்பரஸ் இருந்தால் நீலம் எழும்பும். ஆயிரக்கணக்கான தடவை பார்த்தாலும் அந்தப் பத்து நிமிஷம் எனக்கு அலுத்ததே இல்லை. ஒன்றுமில்லாத தண்ணீரிலிருந்து நிறம் வரும். எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பிடிக்க முடியாது.

ஷைலஜாவின் மண் நீலமாயிற்று. தங்கபாயின் மண் வெளுப்பாகவே நின்றது. "குறைவு" என்று எழுதினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அறிக்கையை வாங்க வந்த ஷைலஜா, "சாரே, அப்போ இதில் பொடி இட்டிட்டில்லல்லே?" என்று கேட்டார். இதில் பொடி போடவில்லை, அப்படித்தானே என்று. நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. "இட்டிருந்தா காணும்" என்றேன். போட்டிருந்தால் தெரியும். இரண்டே வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை, அதற்கான அறிவும் அன்று இல்லை. ஆனால் லிங்கம் கை வைத்தால் மாற்றிப் பார்க்க வேண்டாமே.

ஒரு வாரம் கழித்து ஒரு பெண் பிளாஸ்டிக் உறையில் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு வந்து, என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"சார், இது நீங்க எழுதினதா?"

"ஆமா."

"போட்டிருந்தா காணும்னு சென்னது நீங்களா?"

"ஆமாம்மா. என்ன விஷயம்?"

"நான் போட்டேன் சார். எனக்க கையாலயாக்கும் போட்டேன். முப்பது குழிக்கும் போட்டேன். இப்பம் எல்லாரும் என்னக் கள்ளின்னு சொல்லினும். உங்களுக்க பேரச் சொல்லியாக்கும் சொல்லினும்."

அழுதிருந்தால் நான் ஒருவேளை இளகியிருப்பேன். அவர் அழவில்லை, நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. "மண்ணு பொய் சொல்லாதும்மா. ரிப்போர்ட்டுல உள்ளதத்தான் நான் சொல்லமுடியும்" என்று குரலை உயர்த்தினேன்.

உள்ளேயிருந்து ராதாமணி மேடம் எழுந்துவந்தார். தங்கபாயை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பதிவேட்டை எடுத்தார். வரியைத் தேடினார். விரலை வைத்தார். என் பக்கம் திருப்பினார்.

நான் பாஸ்பரஸ் கட்டத்தைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மேடத்தின் விரல் நகரவில்லை. மறுபடியும் வரியின் முதலிலிருந்து படித்தேன். புளிப்பைக் காட்டும் கட்டத்தில், என் கையெழுத்தில், எட்டுக்கு மேல் ஒரு எண் இருந்தது. ஏழைத் தாண்டினால் மண்ணில் புளிப்பே இல்லை என்று அர்த்தம். அதற்குக் கீழ் வரியில் ஷைலஜாவின் மண் ஐந்தரை.

இருபது வருஷத்தில் நம் ஊர் மண்ணில் எட்டு என்று நான் எழுதியதே இல்லை. எழுதும்போது கை எழுதியது, புத்தி பார்க்கவில்லை. "மீட்டர் கோளாறா இருக்கும் மேடம்" என்றேன்.

"மீட்டரோ?" என்றார். பிறகு தங்கபாயைப் பார்த்து, "எனிக்கு அறிஞ்ஞூடா. நமுக்கு நோக்காம்" என்றார்.

பரிசோதித்த மண்ணில் மிச்சத்தைப் பொட்டலத்திலேயே பத்திரமாக வைத்திருப்பது எங்கள் விதி. அதை எடுத்து ஒரு தட்டில் கொட்டி, மேடம் அதன்மேல் அமிலம் ஒரு சொட்டு விட்டார். மண் பொங்கியது. சோடா மாதிரி நுரைத்தது.

"சுண்ணாம்பு" என்றேன் நான்.

மேடம் தங்கபாயிடம் சுண்ணாம்பு எப்போது போட்டீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் முழுக் கதையும் வந்தது. குழியில் முதலில் கும்மாயம், அதாவது நீற்றின சுண்ணாம்பு, ஒரு கைப்பிடி போட வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் பாறைப்பொடி போட வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். எதற்காக இரண்டு வாரம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் தங்கபாயின் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், இவர் மார்த்தாண்டத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது மற்றவர்கள் பொடி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் பிந்திப் போனேன்லா மேடம்? அதனால ரெண்டையும் ஒரே நாளுல போட்டேன். அவியளெல்லாம் கும்மாயம் ஒரு கை போட்டினும், நான் ரெண்டு கை போட்டேன். பொடியையும் அதோட சேத்து நல்லா பெசஞ்சு உட்டேன். கொறஞ்சு போச்சுன்னு ஒருத்தரும் சொல்லப்பிடாதுன்னு."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் புரிந்துவிட்டது. பாறைப்பொடி கரைய மண்ணின் புளிப்பு வேண்டும். சுண்ணாம்பு அந்தப் புளிப்பைக் கொன்றுவிடும். இரண்டு வாரம் இடைவெளி விட்டு ஒரு கை போட்டால் மண் தாங்கிக்கொள்ளும். இரண்டு கை சுண்ணாம்பில் பிசைந்து வைத்தால், கல் கல்லாகவே கிடக்கும். செடி பட்டினி. அது மட்டுமா? எங்கள் ஆய்வுக்கூடத்தின் லேசான அமிலத்தையும் அதே சுண்ணாம்பு குடித்துவிட்டது. அதனால் அந்த அமிலமும் கல்லைத் தொடவில்லை, நீலம் வரவில்லை. இப்படிப்பட்ட மண்ணுக்கு அந்தக் கரைசல் உதவாது என்பது எங்கள் பாடத்திலேயே இருந்தது. இந்த ஊரில் எல்லா மண்ணும் புளிப்பு என்பதால் நாங்கள் வேறு கரைசல் பாட்டிலைத் திறந்ததே இல்லை.

எங்கள் சோதனை சொல்வது, செடி குடிக்க எவ்வளவு இருக்கிறது என்பதை. குழுவில் கேட்டது, குழியில் போட்டார்களா என்பதை. கேட்காத கேள்விக்கான பதிலை எடுத்து, கேட்ட கேள்விக்கு நான் வாயால் கொடுத்திருக்கிறேன்.

மேடம் அதே மண்ணை வேறு விதமாகச் செய்தார். வலுவான அமிலத்தை, நுரை அடங்கும்வரை, பொறுமையாகச் சொட்டுச் சொட்டாக விட்டார். அடங்கிய பிறகு இன்னும் கொஞ்சம் விட்டார். வடிகட்டினார். பிறகு என்னிடம் நீட்டி, "சார் செய்யணும்" என்றார். நான் மாலிப்டேட் சேர்த்தேன், வைட்டமின் சி சேர்த்தேன். தங்கபாய் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

முதலில் வானத்து நீலம். பிறகு மை நீலம். பிறகு குடுவைக்குப் பின்னால் இருந்த ஜன்னல் தெரியவில்லை. நிறத்தை அளக்கும் கருவியில் வைத்தால் முள் ஓடிப்போய்க் கடைசியில் முட்டி நின்றது. பத்துப் பங்கு தண்ணீர் விட்டுப் பார்த்தேன், அப்போதும் முட்டியது. மறுபடியும் பத்துப் பங்கு. என் சர்வீஸில் அப்படி ஒரு நீலத்தை நான் பார்த்ததில்லை. அத்தனை பாஸ்பரஸும் அந்தக் குழிக்குள் சுண்ணாம்பைப் போர்த்திக்கொண்டு, யாருக்கும் அகப்படாமல் கிடந்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் நிற்கும் பெண்ணை நிமிர்ந்து பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

அந்தக் குழிகள் பிற்பாடு என்ன ஆயின என்று அஞ்சு கேட்பாள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் ஒன்றும் தேறவில்லை. மேடம் சொன்னபடி குழி மண்ணை வெட்டிச் சுற்றிலும் உள்ள செம்மண்ணோடு கலந்து பரப்பி, சாணம் போட்டு, இரண்டு மழைக்காலம் விட்டார்கள். பிறகு பயறு போட்டார்கள். பாஸ்பரஸ் உரம் ஒரு துளி சேர்க்கவில்லை. பயறு பந்தலை மூடிக்கொண்டு காய்த்தது. அதற்கடுத்த வருஷமும் காய்த்தது. பழைய கல்தான், மண் புளித்ததும் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. மெல்லக் கரையும் உரம் என்று இப்போது மணிமணியாகப் பையில் போட்டு விற்பதெல்லாம் நல்லதுதான். ஆனால் மெல்ல என்றால் எவ்வளவு மெல்ல என்பதை மண்தான் முடிவு செய்யும், பையின்மேல் அச்சடித்தவர் இல்லை. இதை நம் பிள்ளைகள் மறக்கக்கூடாது.

சரி, அந்த நாளுக்கே திரும்பி வருகிறேன். புது அறிக்கை எழுதித் தபாலில் அனுப்பிவிடலாம் என்றேன் மேடத்திடம். அவர் பதிவேட்டை மூடிக்கொண்டே, "சார் வாய்கொண்டல்லே பறஞ்ஞது?" என்றார். வாயால்தானே சொன்னீர்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை ஒரு மரப்பெட்டியில் புட்டிகளை அடுக்கிக்கொண்டு, நான், மேடம், தங்கபாய் மூன்று பேரும் ஆபீஸ் ஜீப்பில் காயலோரத்துக்குப் போனோம்.

பன்னிரண்டில் பதினொரு பேரும் பந்தலுக்கு அடியில் நின்றிருந்தார்கள். யாரும் தங்கபாயைப் பார்க்கவில்லை. மேடம் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். நான்தான் பேச வேண்டும். ஜீப்பில் வரும்போது சுண்ணாம்பு, புளிப்பு, கரைசல் என்று பெரிய விளக்கமெல்லாம் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"போட்டிருந்தா தெரியும்னு நான் சொன்னது தப்பு" என்றேன். "அது எனக்குத் தெரியாம சொன்னது. இந்த அம்மா பொடி போட்டிருக்காங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷைலஜா பக்குவமாகத்தான் கேட்டார்: "சாரே, அன்னு ஒண்ணு பறஞ்ஞு. இன்னு வேறொண்ணு பறயுந்நு. ஏதாணு நாங்கள் விசுவசிக்கேண்டது?" அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று, எதை நம்புவது என்று. கேட்டதில் என்ன தப்பு?

அதற்குள் தங்கபாய் முன்னால் வந்தார். "சார் சென்னதயும் நம்பாண்டாம், நான் சென்னதயும் நம்பாண்டாம். ஷைலஜா, நீயே ஒரு குழியத் தோண்டு. எந்தக் குழி வேணுமோ தோண்டு. நான் இங்ஙனதான் நிப்பேன், கிட்ட வரமாட்டேன்."

ஷைலஜா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். எல்லாவற்றுக்கும் கடைசியில், வேலியோரம் இருந்த குழியைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து ஒரு பிடி எடுத்தார். நான் சொன்னதன்பேரில், ஒன்றும் போடாத வரப்பிலிருந்தும் ஒரு பிடி எடுத்துவந்தார். கவிழ்த்துப் போட்ட காய்கறிக் கூடையின்மேல் பலகை வைத்து, நான் என் புட்டிகளை அடுக்கினேன். மூன்று கண்ணாடிக் குழாய்கள். முதலாவதில் குழி மண், பழைய லேசான கரைசலில். இரண்டாவதில் வரப்பு மண், வலுவான அமிலத்தில். மூன்றாவதில் குழி மண், அதே வலுவான அமிலத்தில். அமிலம் பட்டதும் குழி மண் பொங்குவதைப் பார்த்து இரண்டு பேர் பின்வாங்கினார்கள். மூன்றையும் வடிகட்டி, மாலிப்டேட் விட்டு, கடைசியாக வைட்டமின் சி விட்டேன்.

பத்து நிமிஷம். என் ஆயுசில் அதைவிட நீளமான பத்து நிமிஷம் இல்லை. காயலிலிருந்து காற்று வந்தது.

முதல் குழாய் வெளுப்பாக இருந்தது. இரண்டாவது லேசாக, நீலமா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு. மூன்றாவது குழாய் அடியிலிருந்து மெல்ல இருண்டு, எல்லாருடைய கண் முன்னாலும் மை நீலமாயிற்று. "எண்ட அம்மே" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி தன்னையறியாமல் கும்பிட்டாள். நான் எத்தனையோ வருஷம் நாலு சுவருக்குள் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த நிறத்தை, முதல்முதலாக இத்தனை பேர் என்னோடு சேர்ந்து பார்த்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மேடமும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஷைலஜா நேராகப் போய்த் தங்கபாயின் கையைப் பிடித்தார். "தங்கச்சேச்சீ, தெற்றிப் போயி" என்றார். தப்பாகிவிட்டது என்று. மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். தங்கபாய் தலையை ஆட்டினார், கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி வரவில்லை. கண் கூடையின்மேல் இருந்த மூன்றாவது குழாயிலேயே இருந்தது.

நாங்கள் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கும்போது என் பக்கத்தில் வந்தார்.

"சார், இந்த நெறம் எத்தற நேரம் நிக்கும்?"

"நாளைக்குக் காலம்பற வரைக்கும் இருக்கும்."

"மதி சார், அது போதும். இத எனக்குத் தாருங்க. அவரு ஆறு மணிக்கு வந்திருவாரு."

"யாரும்மா?"

"எனக்க வீட்டுக்காரரு. ஓட்டல்ல வேலை. ஊருல உள்ளவியெல்லாம் என்னட்ட நீ போட்டியா, போட்டியான்னு கேட்டினும். அவரு மட்டும் இன்னிக்கி வரைக்கும் கேக்கல்ல."

நான் பெரிய மனுஷன் மாதிரி, "உங்க மேல அவ்வளவு நம்பிக்கை" என்றேன்.

தங்கபாய் என்னைப் பார்த்தார்.

"நம்பினதுனால கேக்கலியா, நம்பாததுனால கேக்கலியா, ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியல்ல சார். இத அவருக்க முன்ன வெச்சா மொகத்துல தெரிஞ்சிரும்."

அமிலம் கலந்த குழாயை வெளியாளிடம் கொடுக்கக்கூடாது. ஆனாலும் மேடம் அதை ரப்பர் மூடியால் இறுக்கி அடைத்து, பத்திரிகைத் தாளில் சுற்றி, திறக்கக்கூடாது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். ஜீப்பில் வரச் சொன்னோம், வேண்டாம் என்றுவிட்டார். குழாயை நிமிர்த்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வரப்பில் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து, வீட்டுக்கு நடந்தார்.